மடக்குக் கத்தி

பேனாக்கத்தி என்னும் சொல் தமிழ்நாட்டில் இன்றும் வழங்குகின்றது. பேனாவுக்கும் கத்திக்கும் உள்ள உறவு யாது என்று அதனைக் கையாளுவோருள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பறவையின் இறகைச் சீவி, அதன் நுனியை மையில் தோய்த்து எழுதிய காலம் ஒன்று ஐரோப்பாவில் இருந்தது. எழுத எழுத இறகின் நுனி மழுங்கும். அதனை மீண்டும் சீவிக் கூராக்க ஒரு சிறு கத்தி வேண்டும். அத்தொழிலுக்கென ஏற்பட்டதே பேனாக்கத்தி. இறகுப் பேனா வழக்கொழிந்தது. அதனைச் சீவிய கத்தியோ பெயரோடு நிலைத்துவிட்டது.

மடக்குக் கத்தியின் அமைப்பு எளியது. அலகின் அடிப்பகுதி ஓர் ஆணியைப் பற்றிச் சுழல்கின்றது. பிடியின் முதுகுப்புறத்தில் நீண்ட எஃகு வில் ஒன்று உண்டு. அவ்வில் அலகின் அடியை ஓயாது அழுத்திக்கொண்டிருக்கும். திறந்த அலகைத் திறந்தபடியும் மூடிய அலகை மூடியபடியும் நிறுத்துவது அவ்வழுத்தமே. இதற்குப் பூட்டு இல்லை. வில் தளர்ந்தால் அலகு மடிந்து விரலை வெட்டும். மிக இறுகினால் திறக்க முயல்வோரின் நகம் ஒடியும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவைக் கண்டறிவதே கத்தி செய்வோரின் கைத்திறன். நன்கு அமைந்த கத்தி, திறக்கும்போதும் மூடும்போதும் 'டக்' என்று தெளிவாக ஒலிக்கும். கத்தி சேர்ப்போர் அவ்வொலியைக் கேட்டே அதன் தரத்தை மதிப்பிடுவர்.

இக்கைத்திறனுக்குப் புகழ்பெற்ற நகரம் இங்கிலாந்து நாட்டிலுள்ள ஷெஃபீல்டு. பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலப் புலவர் சாசர், தம் கதைமாந்தர் ஒருவர் வைத்திருந்த ஷெஃபீல்டுக் கத்தியைக் குறிப்பிடுகின்றார். 1624ஆம் ஆண்டில் அவ்வட்டாரக் கத்தித் தொழிலாளருக்கெனச் சட்டத்தின் வழியே ஒரு சங்கம் அமைந்தது. 1851ஆம் ஆண்டின் பெருங்கண்காட்சிக்கென ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தார் செய்த 'நார்ஃபோக் கத்தி' 75 அலகுகளும் கருவிகளும் உடையது. எனினும் அந்நகரின் பெருமை இத்தகைய அரும்பொருள்களில் மட்டும் தங்கியிருக்கவில்லை. சிறு பட்டறைகளில் தனித்தனியே உழைத்த கைவினைஞர் பலர் அங்கே வாழ்ந்தனர். 1926இல் பிறந்து 2021இல் மறைந்த ஸ்டான் ஷா அம்மரபில் வந்தவர். சிறுவயதிலேயே தொழிலில் புகுந்த அவர், முதுமையிலும் அரத்தைக் கீழே வைக்கவில்லை. அவர் செய்யும் ஒரு கத்தியைப் பெறுவதற்காக அன்பர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர்.

கத்தியோடு புட்டி திறக்கும் கருவி சேர்ந்த வரலாறு அண்மைக் காலத்தது. 1892ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த வில்லியம் பெயின்டர், விளிம்பு மடிந்த தகர மூடிக்கு உரிமம் பெற்றார். பானத்தின் காற்று வெளியேறாதபடி அம்மூடி புட்டியின் வாயை இறுகப் பற்றியது. அதனை வெறுங்கையால் திறத்தல் அரிது. கத்தியின் நுனியால் நெம்ப முயன்றவர்கள் நுனியை ஒடித்துக்கொண்டனர். இதற்குக் காரணம் எஃகின் இயல்பே. கூர்மை நீடிக்கவேண்டுமாயின் அலகு கடினமாக இருத்தல் வேண்டும். கடினம் மிகுந்த எஃகோ வளையாது, ஒடியும். நெம்பும் கருவிக்கு வேண்டுவது கூர்மையன்று, உறுதியே. ஆகவே தடித்ததும் கொக்கி போன்றதுமான தனி உறுப்பு ஒன்று கத்தியில் இடம்பெற்றது. அதன் ஒரு முனை மூடியின் மேல் ஊன்றி நிற்கும். மறுமுனை விளிம்பைக் கீழிருந்து தூக்கும். நெம்புகோல் தத்துவம் இங்கே விரலளவில் செயற்படுகின்றது. சாரணர் கத்திகளில் இவ்வுறுப்பின் தட்டையான நுனி திருப்புளியாகவும் பயன்பட்டது.

இத்தகைய பழங்கத்திகளைத் தேடிச் சேர்ப்போர் பல நாடுகளில் உள்ளனர். அவர்கள் சேர்த்து வைப்பதோடு நின்றுவிடுவதில்லை. பிடி உடைந்த கத்திக்குப் புதிய பிடி பொருத்துவர். எலும்பு, கொம்பு, மரம், சிப்பி ஆகியன பிடிக்கு ஏற்ற பொருள்கள். இந்தியக் காடுகளில் கடமான் உதிர்த்த கொம்புகள் ஒரு காலத்தில் கப்பலேறி ஷெஃபீல்டுப் பட்டறைகளை அடைந்தன. இன்று இந்தியா அவ்வேற்றுமதியைத் தடை செய்துள்ளது. கொம்பின் அழகினும் காட்டின் வாழ்வு பெரிதன்றோ! இன்னும் சிலர் வில்லின் முதுகில் அரத்தால் கொடிபோலக் கோலம் செதுக்குவர். வேறு சிலர் அலகில் பழச்சாற்றைப் பூசி நீலச் சாயல் படியச் செய்வர். அது துருவன்று, எஃகின்மேல் படியும் மெல்லிய படலம். செந்நிறத் துரு இரும்பைத் தின்னும். இப்படலமோ அதனை ஓரளவு காக்கும்.

ஆயினும் இவ்வேலையில் ஓர் அறக்கேள்வி அடங்கியுள்ளது. நூறாண்டுக்கு முன் ஒருவர் செய்த பொருளை மாற்றுதற்கு இன்று அதனை வாங்கியவருக்கு உரிமை உண்டா? மாற்றினால் பழைய கைவினைஞரின் சுவடு அழியும். மாற்றாது விட்டாலோ உடைந்த கத்தி பெட்டிக்குள் துருவேறி மடியும். பளபளப்பை விரும்பி இயந்திரச் சக்கரத்தில் தேய்ப்போர், அலகின் அடியில் பொறித்த செய்தவர் பெயரையும் சேர்த்துத் தேய்த்துவிடுகின்றனர். தேய்க்கும்போது எழும் வெப்பம் மிகுந்தால் எஃகு தன் கடினத்தையும் இழக்கும். அதன்பின் கத்தி மின்னும், ஆனால் வெட்டாது.

அறிவுடையோர் இதற்கு ஒரு நடுவழி கண்டனர். செய்தவர் முத்திரையை அவர்கள் தொடுவதில்லை. கழற்றிய பழைய பிடியை எறிந்துவிடாமல், எந்தக் கத்திக்கு உரியது என எழுதிப் பாதுகாப்பர். உடைந்த உறுப்பை மட்டும் மாற்றுவர். உழைக்கக்கூடியதை உழைக்க விடுவர். இவ்வாறு செப்பமுற்ற கத்தி மீண்டும் கனியை அறுக்கும், கயிற்றை வெட்டும், நண்பர் கூட்டத்தில் புட்டியின் மூடியைத் திறக்கும்.

முன்னோர் விட்டுச்சென்ற நூல், வீடு, கலை ஆகிய அனைத்திற்கும் இது பொருந்தும். அவற்றைப் பழுது பார்க்கலாம், புதுக்கலாம், பயன்கொள்ளலாம். செய்தவர் பெயரை மட்டும் தேய்த்துவிடலாகாது.