மச்சுக்குப் புதுத் தரை



அம்பாசமுத்திரத்தில் அண்ணன் வீட்டு மச்சில் லேமினேட் தரை போட ஏன் இத்தனை நாள் என்று பலர் போனில் கேட்டுவிட்டீர்கள். பெட்டிகள் வந்து இறங்கியும் 12 நாள் பிரிக்கவில்லை. காரணத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன். ஊரில் பழைய மர மச்சு வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

கடைக்காரர், "மேடு பள்ளத்தைப் பார்க்காதீங்க, ஃபோமை ரெண்டு அடுக்கா விரிச்சா சரியாயிடும், ரெண்டு நாள் வேலை" என்றார். அண்ணன் மகனும், "அத்தை, பெங்களூர்ல எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க" என்றான். அங்கே அடியில் இருப்பது கான்கிரீட். நம் மச்சு, சுவரில் செருகிய கட்டைகள்மேல் பலகை அடித்தது.

ஆசாரி அண்ணாச்சி மேலே ஏறவே இல்லை. "பலகையைப் பாக்கதுக்கு முன்னால கட்டையப் பாக்கணும் டீச்சர்" என்று கீழிருந்து சுத்தியலால் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக்கொண்டே போனார். ஓட்டு ஒழுக்கு இறங்கிய மூலையில் இரண்டு கட்டைகளின் சத்தம் மாறியது. சுவரை ஒட்டிய முனையில் உளியை வைத்து அழுத்தினார். கேக்கில் இறங்குவதுபோல் இறங்கியது. செல்லு அரித்திருந்தது. மதினியின் கட்டில் அதற்கு நேர் கீழே. புதுத் தரையால் மூடியிருந்தால், மேலே பளபளவென்று இருக்க, அடியில் யாருக்கும் தெரியாமல் இற்றுக்கொண்டே போயிருக்கும்.

முதலில் ஓட்டை மாற்றி ஒழுக்கை நிறுத்தினோம். செல்லுக்கு மருந்து அடித்தோம். ஜாக்கி கொடுத்துத் தாங்கி, பழைய கட்டைகளின் பக்கத்திலேயே புதுக் கட்டை சேர்த்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். பாதி நாள் இதற்கே போயிற்று.

அடுத்தது மேல்பக்கம். என் வகுப்பில் இருந்தவர்களுக்கு ஒரு கேள்வி: மட்டமும் சமதளமும் ஒன்றா? இல்லை. கரும்பலகை செங்குத்தாக நின்றாலும் சமதளம்தான். லேமினேட்டுக்கு வேண்டியது சமதளம். அறை ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருந்தால் பரவாயில்லை. அலை அலையாக இருக்கக் கூடாது. இதற்கு ரசமட்டம் மட்டும் போதாது. 2 மீட்டர் நேரான அலுமினியப் பட்டையைத் தரையில் வைத்து நாலாபக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். அடியில் சுமார் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் சரி செய்ய வேண்டும். எங்கள் மச்சில் ஓரிடத்தில் 11 இருந்தது.

பள்ளத்தின்மேல் போட்டால் ஒவ்வொரு மிதிக்கும் பலகை வளையும். ஒன்றோடொன்று மாட்டும் பல் நாளடைவில் உடையும். ஃபோம் இரண்டு அடுக்கு என்றால் இன்னும் அதிகமாக அமுங்கும். அதனால் ஆடிய பலகைகளை ஸ்க்ரூ போட்டுக் கட்டையோடு இறுக்கினார். கிரீச் சத்தம் அதோடு நின்றது. துருத்திய ஆணிகளை உள்ளே அடித்து, மேட்டை இழைப்புளியால் சீவி, பள்ளத்துக்கு மெல்லிய பிளைவுட் துண்டுகள் கொடுத்தார். அட்டையும் நியூஸ் பேப்பரும் வைக்க விடவில்லை. அதன்மேல் பிளைவுட் தகடுகள், செங்கல் வரிசைபோல் மூட்டு மாற்றி மாற்றி. பிறகுதான் ஃபோம், ஒரே அடுக்கு.

ஈரமும் முக்கியம். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நம் வீட்டுக் கதவுகள் எத்தனை நாள் நிலையில் முட்டிக்கொண்டு நின்றன! லேமினேட்டும் அழுத்திய மரத்தூள்தான். ஐப்பசி மழையில் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். அதனால் மழை விட்டு மச்சு நன்றாகக் காய்ந்த பிறகே போட வேண்டும். பெட்டிகளைப் பிரிக்காமல் அதே அறையில் 48 மணி நேரமாவது படுக்க வைக்க வேண்டும். சுவரோரம் சுற்றிலும் 10 மில்லிமீட்டர் இடம் விட வேண்டும். ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும்.

செலவில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத வேலைக்குப் போயிற்று என்று அண்ணனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். மதினிக்கு வேறு கவலை: வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீர் ஊற்றி மச்சைக் கழுவ முடியாதே! பிழிந்த துணியால் துடைத்தால் போதும் மதினி.

ஊருக்கு வரும்போது உங்கள் மச்சில் நடந்து பாருங்கள். கால் வைத்தால் குதிக்கிற இடம் இருந்தால், கீழே போய் அந்தக் கட்டையின் சுவர் முனையைத் தட்டச் சொல்லுங்கள். எந்த நிறம், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்