முந்தலில் ஒரு மிடறு

மதுவை ருசிக்கும் முறையை நான் கற்றது கொழும்பு நட்சத்திர விடுதி ஒன்றில். செய்தியாளனாகச் சென்ற விருந்தில், செந்நிற வைனைக் கிண்ணத்தில் சுழற்றி, முகர்ந்து, நாவில் சற்று நிறுத்தியே விழுங்க வேண்டும் என்றார்கள். அப்படியே செய்தேன். அவர்கள் வருணித்த திராட்சைத் தோட்டம் மட்டும் கண்முன் வரவில்லை.

அந்தப் பாடம் சென்ற மாதம் முந்தலில் கைகொடுத்தது. கொழும்பு - புத்தளம் வீதியில், களப்பை ஒட்டிய தென்னை நிலம் அது. பழைய நண்பர் ஒருவரின் மகன் அங்கே தென்னம்பாணி காய்ச்சி, சொந்தப் பெயர்ச்சீட்டு ஒட்டி விற்கத் தொடங்கியிருக்கிறார். மாதத்துக்கு அறுபது போத்தல். தகப்பனோ கள் இறக்கியவர்.

இரண்டுக்கும் மரமும் பாளையும் வடியும் சாறும் ஒன்றுதான். வேறுபாடு முட்டிக்குள் இருக்கிறது. சுண்ணாம்பு பூசாத முட்டியில் சாறு விழுந்த உடனேயே நொதிக்கத் தொடங்கும். கீழே இறங்கும்போதே கள். விட்டுவைத்தால் காடி, காய்ச்சி வடித்தால் சாராயம். சுண்ணாம்பு பூசினால் இனிப்பு நிற்கும். ஆனால் அந்த இனிப்பு நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவே. மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அதை விறகெரித்துத்தான் போக்க வேண்டும். சந்தைப் பாணியில் சீனிப்பாகு ஏன் கலக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

முதல் போத்தல் கருஞ்சிவப்பு. கரண்டியிலிருந்து விழ மனமில்லாத அடர்த்தி. முதலில் புகை, பிறகு இனிப்பு, கடைசியில் மெல்லிய கரிப்பு. களப்புக் காற்றின் உப்பு என்று எழுத ஆசைதான். அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

இரண்டாவது போத்தலில் நாவின் அடியில் ஏதோ உறுத்தியது.

“சுண்ணாம்பு கூடிவிட்டது தம்பி.”

அவர் முகம் வாடியது. “மழை வாரம் ஐயா. புளிச்சிடுமோன்னு பயந்து கூடப் போட்டுட்டேன். இதை எழுதிடாதீங்க.”

சாய்கதிரையிலிருந்து தகப்பன் சிரித்தார். “நாக்கு உள்ளவன்கிட்ட குடுத்தா சொல்லத்தான் செய்வான்.”

மகன் பேசாமல் எழுந்து, அந்தக் காய்ச்சலின் பதினொரு போத்தல்களையும் சீட்டு ஒட்டாமலே அடுக்களைக்குள் கொண்டுபோனார். வீட்டுச் செலவுக்காம். திரும்பி வந்தபோது, இதை எழுதலாம் என்றார்.

முதல் காய்ச்சலில் இரண்டு வாங்கி வந்தேன். நான் நீரிழிவுக்காரன். அன்று நான்கு கரண்டி ருசித்ததை வீட்டில் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துவிடும்.