நாம் கேளாத கேள்வி



2019ஆம் ஆண்டு, ஒரு ஞாயிறு. திருப்பலி முடிந்து நாம் பங்கு இல்லத்துக்குத் திரும்புகையில், கையில் ஒரு கோப்புடன் இளைஞன் ஒருவன் காத்து நின்றான். பஞ்சாலை மூடப்பட்டதால் வேலையிழந்த தொழிலாளி ஒருவரின் மகன். ஆவாரம்பாளையத்துப் பட்டறையில் ஆறாண்டுகள் லேத்து ஓட்டியவன். சூலூர்ப் பக்கத்துத் தன் சிற்றூரிலேயே சொந்தமாக ஒரு லேத்துப் போட்டு, மோட்டார் பம்புக்கு வேண்டிய உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்க விரும்பினான்.

“பேங்குல வீட்டுப் பத்திரம் கேக்கறாங்க சாமி. அம்மா குடுத்தறலாம்னு சொல்றாங்க. நீங்க என்னங்க சொல்றீங்க?” என்றான்.

நாம் சற்றும் தயங்கவில்லை. “இருக்கும் வீட்டையும் இழக்கவா? மாதச் சம்பளம் வருகிறதே, அது போதாதா?” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நல்ல அறிவுரை கூறிய நிறைவோடு காலை உணவுக்குச் சென்றோம்.

ஈராண்டுகள் சென்றபின், வேறொரு குடும்பத்துக்காக மாவட்டத் தொழில் மையத்துக்குச் சென்றபோதுதான் அக்கோப்பிலிருந்த திட்டத்தின் விதிகளை அறிந்தோம். அது 2008இல் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். சிறுபான்மையினரான ஒருவர் சிற்றூரில் பத்து இலட்சம் ரூபாயில் தொழில் தொடங்கினால், கையிலிருந்து போடவேண்டியது 50,000 ரூபாயே. மூன்றரை இலட்சம் மானியம். அதுவும் கையில் தரப்படுவதில்லை. மூன்றாண்டுகள் வங்கியில் வைக்கப்பட்டு, தொழில் நடைபெறுவது உறுதியானபின் கடனில் கழிக்கப்படும். எஞ்சியதே கடன். பத்து இலட்சம் வரையிலான சிறுதொழில் கடனுக்குச் சொத்து ஈடு கேட்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2010லேயே வங்கிகளுக்கு ஆணையிட்டிருந்தது.

ஆக, அன்று அவனிடம் பத்திரம் கேட்டதே முறையன்று. “எந்த விதிப்படி கேட்கிறார்கள்?” என்று நாமும் கேட்கவில்லை.

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலைப் பற்றி அபிஜித் பானர்ஜி, கைவன் முன்ஷி என்னும் பொருளியல் அறிஞர் இருவர் 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். உள்ளூர்ச் சமூகத்தார் உற்றார் உறவினர் வழியே முதல் திரட்டிப் பெரிதாகத் தொடங்கினர். வெளியிலிருந்து வந்தோர் சிறு முதலோடு தொடங்கினர். ஆயினும் வளர்ச்சியில் பின்னவரே விரைந்தனர் என்பது அவர்கள் கண்டது. குறை ஆற்றலில் இல்லை, முதலில்தான் இருந்தது. கைகொடுக்க மாமன் மச்சான் இல்லாதவனுக்கு அந்த இடத்தில் நிற்பதற்காகவே இத்தகைய திட்டங்கள் வகுக்கப்பட்டன.

நாம் அவன் வீடு தேடிச் சென்றோம். காலம் கடந்திருந்தது. தாயின் நகைகளை அடகு வைத்தும், வெளியே வட்டிக்கு வாங்கியும், பழைய லேத்து ஒன்றைத் தகரக் கொட்டகையில் ஓட்டிக்கொண்டிருந்தான். புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கே அத்திட்டம். நடக்கும் பட்டறைக்கு அதில் இடமில்லை. அந்தக் கதவும் அடைபட்டிருந்தது.

“வட்டி போக மிச்சம் நிக்கறதில்லீங்க சாமி. வேலை தெரியுங்க, சமாளிச்சுக்கலாம்” என்றான். நம்மைக் குறைகூறி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் தாய் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். வெறும் காதுகளோடு நின்ற அவரை நிமிர்ந்து பார்க்க நமக்குத் துணிவில்லை. மகனிடமும் தாயிடமும் மன்னிப்புக் கேட்டோம்.

பெற்றோரே, நாளை உங்கள் பிள்ளையும் ஒரு கோப்போடு வந்து நிற்கலாம். கடன் கடன்தான், திருப்பிக் கட்டியாக வேண்டும். தொழில் தெரியாதவனைத் தடுப்பது உங்கள் கடமை. தொழில் தெரிந்தவனையோ, நாம் செய்ததுபோல் அச்சத்தால் மட்டும் தடுத்துவிடாதீர்கள். அவனோடு தொழில் மையத்துக்கு நீங்களும் செல்லுங்கள். அன்றைய விதி என்னவென்று கேளுங்கள். வங்கியில் பத்திரம் கேட்டால், எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

பட்டறை நடத்துவோரும் நம் பங்கில் உள்ளனர். அவர்களிடம் ஒரு விண்ணப்பம்: அரசு முதல் தரலாம்; முதல் ஆர்டரை அரசு தராது. அதை நீங்கள்தாம் தர வேண்டும். சூலூர்ப் பக்கத்துத் தகரக் கொட்டகைக்கு வழி கேட்டால், நாமே உடன் வருகிறோம்.