கனவுக்கு ஒரு குரு

42 வயதில் கிட்டார் பழகத் தொடங்கியவன் குருவைக் கனவில்தான் தேட முடியும். டெல்லியில் எனக்குச் சொல்லித்தரும் பையன் கெட்டிக்காரன்தான். என்றாலும் ஆசைக்கு அணை உண்டா?

ஜாங்கோ ரைன்ஹார்ட்? 1928 தீ விபத்தில் இடது கையின் இரு விரல்கள் முடங்கியும் வாசித்த மேதை. அவர் வேகமே என்னைத் துரத்திவிடும். விஸ்வமோகன் பட் 1994இல் கிராமி விருது வாங்கியவர். வாசலில் வரிசை நீளமாக இருக்கும்.

என் ஓட்டு பிரிஜ் பூஷண் காப்ராவுக்கு. 1967இல் வெளிவந்த 'கால் ஆஃப் தி வேலி' இசைத்தட்டில் சிவகுமார் சர்மாவின் சந்தூருக்கும் ஹரிபிரசாத் சவுராசியாவின் புல்லாங்குழலுக்கும் நடுவே ஒலிப்பது அவர் கிட்டார். நான் அணைத்துக்கொண்டு திணறுவதை அவர் மடியில் கிடத்தி, தந்திகள் மீது உலோகத் துண்டை வழுக்கவிட்டு, சுரத்திலிருந்து சுரத்துக்கு இடைவெளி தெரியாமல் நகர்வார். அவருக்கு வாய்த்த குருவோ கிட்டார் கலைஞரே அல்ல. சரோத் மேதை அலி அக்பர் கான். சரோதில் கேட்டதைக் கிட்டாரில் சொல்லும் வழியை அவரே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. (மொழிபெயர்த்துப் பிழைக்கும் எனக்கு இந்தச் சங்கடம் புரியும்.) அவரிடம் கற்ற தேபாஷிஷ் பட்டாச்சார்யாவும் குருவின் நகலாகிவிடாமல் தனக்கென்று 'சதுரங்கி' என்ற கிட்டாரையே வடிவமைத்துக்கொண்டார்.

காப்ரா 2018இல் காலமானார். நான் கிட்டார் வாங்கியது 2021இல்.