ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன ஓர் எண்

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் எல்லோரும் கல்யாண மகாலைப் படம் எடுப்பார்கள். அதே ராஜகிரி அடிவாரத்தில் சற்றுத் தள்ளி இருக்கும் நெற்களஞ்சியத்தை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. தடித்த சுவர், வளைந்த கூரை, உள்ளே இருட்டு. நெல் அளக்கப் பழைய தமிழ் வாய்ப்பாடு ஒன்று உண்டு: 8 நாழி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம்.

அதென்ன 12? கையில் விரல் பத்துதானே?

பங்கு போட்டுப் பாருங்கள், 12இன் வசதி புரியும். 10 மரக்கால் நெல்லை மூன்று பேருக்கோ நான்கு பேருக்கோ முழு மரக்காலாகப் பிரிக்க முடியாது. 12ஐ 2, 3, 4, 6 பேருக்கு மிச்சமே இல்லாமல் பிரிக்கலாம். 12க்கு ஆறு காரணிகள்: 1, 2, 3, 4, 6, 12. அதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. இப்படி, தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் முந்தும் எண்ணைத் தமிழில் 'மிகு பகு எண்' எனலாம். 24, 36, 48, 60 எல்லாம் இந்த வகைதான். ஒரு நாளுக்கு 24 மணி, பழைய கணக்கில் 60 நாழிகை என்பதெல்லாம் இப்போது வேறு மாதிரி தெரிகிறதா?

பகா எண்களின் பின்னால் உலகமே ஓடியபோது, இந்தப் பகு எண்களைப் பிடித்துக்கொண்டவர் ராமானுஜன். கல்லூரித் தேர்வில் தோற்று, வேலையில்லாமல் இருந்த அவர், 1910இல் நோட்டுப் புத்தகத்தோடு திருக்கோவிலூர் வந்து துணை கலெக்டர் வி. ராமசாமி ஐயரைப் பார்த்தார். செஞ்சியும் திருக்கோவிலூரும் அப்போது ஒரே தென் ஆற்காடு மாவட்டம். கேட்டது குமாஸ்தா வேலை. இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவரான ஐயர் நோட்டைப் புரட்டிவிட்டு, வேலை தராமல், சென்னையில் உள்ளவர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

1914இல் கேம்பிரிட்ஜ் போன ராமானுஜன், 1915இல் மிகு பகு எண்களைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். தேர்வில் தோற்றவருக்கு 1916இல் பி.ஏ. பட்டம் வாங்கித் தந்தது அந்தக் கட்டுரைதான்.

அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. கணிப்பொறி இல்லாத காலத்தில் போட்ட 102 எண்கள். கடைசி எண் 6746328388800. பார்த்தால் தலை சுற்றும், பிரித்தால் எளிது:

2^6 × 3^4 × 5^2 × 7^2 × 11 × 13 × 17 × 19 × 23

அடுக்குகளைக் கவனியுங்கள்: 6, 4, 2, 2, பிறகு எல்லாம் 1. எங்கும் ஏறவே இல்லை. மிகு பகு எண் எதுவானாலும் இப்படித்தான் இருக்கும். 4, 36 இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1தான் என்று ராமானுஜன் நிறுவினார். ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை வந்துவிடும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080.

இந்தப் பட்டியலில் ஓர் எண் விட்டுப்போயிருக்கிறது! 195545750400க்கும் 321253732800க்கும் நடுவில் வரவேண்டிய 293318625600. முன்னதற்கு 4608 காரணிகள், பின்னதற்கு 5376, விட்டுப்போனதற்கு 5040. வேடிக்கை என்னவென்றால், இந்த எண்ணை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் அப்படியே வந்து நிற்கிறது. பெருக்கிப் பாருங்கள்.

இதனால் ராமானுஜன் பெருமை ஒரு மரக்கால்கூடக் குறையாது. ஆனால் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. எழுதியவர் மேதை என்பதற்காக விடுபட்ட எண் விடுபட்டதாகவே இருந்துவிடாது. பேப்பரும் பென்சிலும் இருந்தால் செஞ்சியில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகூட ராமானுஜனைச் சரிபார்க்கலாம். அந்த உரிமையை வேறு எந்தப் பாடம் இவ்வளவு தாராளமாகக் கொடுக்கிறது?