பங்குத் தந்தைக்கு ஒரு தொப்பி

விருதுநகரிலிருந்து திருத்தங்கல் வழியாகச் சிவகாசி செல்லும் சாலையில் வெயில் கடுமையானது. அவ்வெயிலில்தான் பங்குத் தந்தையர் நோயாளிகளையும், பட்டாசு விபத்தில் உற்றாரை இழந்த இல்லத்தாரையும் நாடிச் செல்கின்றனர். குருப்பட்ட நினைவு நாளில் அவர்களுக்குத் தொப்பி வழங்க விரும்பும் நாம், இந்நிலத்தின் இயல்பை முதலில் எண்ணுதல் நன்று.

மூன்று முகடுகளுள்ள கறுப்புப் பிரெட்டா வழிபாட்டுக்குரியது. விளிம்பில்லாததால் வெயிலைத் தடுக்காது. அகன்ற விளிம்புள்ள பருத்தித் தொப்பியே ஏற்றது. நைலான் உராய்ந்தால் மின்பொறி எழக்கூடும். ஆதலால் பட்டாசு ஆலைகளில் பருத்தியாடையே வற்புறுத்தப்படுகிறது. அங்கும் குருவானவர் செல்ல நேருமன்றோ?

காதுகளுக்குச் சற்று மேலே, நெற்றியைச் சுற்றி நாடாவால் அளப்போம். 22½ அங்குலமெனில் 57 செ.மீ. தொப்பி பொருந்தும். இறுகினால் தலை நோகும். தளர்ந்தால் காற்று கொண்டுபோகும். அளவு கேட்கக் கூசினால், அவரது பழைய தொப்பியின் உட்சுற்றை அளந்தால் போதும்.