ஆமாம் ஆறு ரூபாய், இல்லை நாலு ரூபாய்!

சென்னையிலிருந்து பெங்களூர்ச் சாலையில் நாற்பது கிலோமீட்டர் போனால் ஸ்ரீபெரும்புதூர். 1017-ல் ராமாநுஜர் அவதரித்த தலம். காலையில் ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்துவிட்டு, கையில் துளசியோடு ஒரகடம் பஸ்ஸில் ஏறினேன்.

ஏரியும் வயலுமாக இருந்த இந்தப் பூமியில் இன்று காரும், லாரியும், மோட்டார் சைக்கிளும், செல்போனும் விளைகின்றன! வல்லம் வடகாலில் வேலைக்கு வரும் பெண்களுக்காக 2024-ல் ஒரு விடுதி திறந்தார்கள். 18,720 படுக்கைகள்! ஒரு சின்ன ஊரே அதற்குள் அடங்கிவிடும்.

ஒரகடம் கூட்டு ரோட்டில் இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில், இரவு ஷிப்டு முடிந்து வந்த பையன் ஒருவன்.

“சம்பளம் ஒழுங்காக வீட்டுக்குப் போகிறதா, தம்பி?” என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தேன்.

“இப்போ போகுதுங்கம்மா. நடுவிலே மூணு மாசம் போகலே” என்றவன், தலையைக் குனிந்துகொண்டான்.

செல்போனில் கேள்வி வருமாம்: ‘இந்த மாட்சில் சென்னை ஜெயிக்குமா?’ ‘ஆமாம்’ என்றால் விலை ஆறு ரூபாய். ‘இல்லை’ என்றால் நாலு ரூபாய். சொன்னது பலித்தால் பத்து ரூபாய். பலிக்காவிட்டால் போட்டது போச்சு!

“சூதாட்டம் இல்லே, அறிவுக்கு வேலைன்னாங்கம்மா. தங்கச்சி காலேஜ் பீசுக்கு எங்கம்மா தோட்டை அடகு வெச்சப்போதான் புத்தி வந்தது.”

மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறும் நாலும் பத்து. ஒருவன் பையிலிருந்து இன்னொருவன் பைக்குப் போகிற அந்தப் பத்திலும் நடுவில் தரகு கழியும். எத்தனையோ விளைகிற இந்த வட்டாரத்தில், அந்தச் சந்தையில் மட்டும் ஒன்றும் விளையவில்லை.

அமெரிக்காவிலும் இதே கூத்துதான். கல்லூரி மாணவர்கள் ஆடும் புட்பாலில் எந்தக் கல்லூரி ஜெயிக்கும் என்று, கால்ஷி என்ற சந்தையில் வாங்கி விற்கிறார்கள். அங்கே பத்து ரூபாய்க்குப் பதில் ஒரு டாலர்.

லாட்டரிச் சீட்டை 2003-லேயே ஒழித்தது தமிழ்நாடு. செல்போன் வழியாகப் புகுந்த இதற்கு, 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு சட்டம் செய்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடி ஏமாந்தவர்களுக்குத் தண்டனை இல்லை. இந்த வியாபாரத்தில் பேர் பெற்றிருந்த ப்ரோபோ, அந்த மாதமே பண ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது.

சட்டம் கடையைத்தான் மூடும். தோட்டை மீட்டுத் தராதே!

“தோடு எப்போது வரும், தம்பி?”

“தைப் பொங்கலுக்குள்ளே மீட்டுடுவேங்கம்மா.”

“ஆமாமா, இல்லையா?” என்றேன் சிரித்தபடி.

“ஆமாங்கம்மா! இது பந்தயமில்லே. ஓவர்டைம் பார்க்கிறேன்.”

கையிலிருந்த துளசியில் பாதியை அவனிடம் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு, சட்டைப் பையில், செல்போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.